கஞ்சி காய்ச்சும் இலை

— கண்ணாடி எங்க? அத மட்டும் சொல்லு, கிலியான்.

— மெதுவாடி, அஃப்ரா. இது புரொபசர் ஆராய்ச்சி பண்ற எடம். உன் சலவைக்கூடம் இல்ல.

— பெட்டியில சுத்தி வெச்ச துணி மட்டும் கெடக்கு, என் பிள்ளை படத்தக் காணோம். உன்னை யாரு எடுக்கச் சொன்னா?

— வெண்டெல் எனக்கும் பிள்ளைதான்டி.

— இருக்கிறதே அந்த ஒரு படம். ஒடஞ்சா எங்க போய்த் தேடுவ, மைன் ஆத்துலயா?

— இருக்குன்னு பேரு. ஏழு வருசமா பூட்டியே கெடக்கு. நீயும் பாக்கல, என்னையும் பாக்க விடல.

— என்னத்தப் பாக்க? படக்காரன் புடிச்ச அந்தக் கண்ணாடியில எல்லாம் தலைகீழு. மூஞ்சி கறுப்பு, முடி வெளுப்பு. அத அவன் தாள்ல போட்டுத் தர்றதுக்குள்ள தொண்டையடைப்பு வந்து பிள்ளை போயிட்டான்.

— வேற படக்காரன்கிட்டக் குடுப்போம்னு எத்தனை தடவை கெஞ்சினேன்?

— எவன் கையிலயும் தர மாட்டேன்னேன். நீ என்னடான்னா, செடிகூடப் பேசுற மனுசன்கிட்டக் குடுத்துருக்க!

— செடிகூட நான் பேசுறதில்லம்மா. கேள்வி கேப்பேன். அது பதில் சொல்லும்.

— புரொபசரய்யா... நீங்க நிக்கிறதப் பாக்கலீங்க. ஆனா கண்ணாடியக் குடுத்துருங்க.

— இந்தாங்க. கீறல்கூட இல்ல. ரெண்டு நாள் இருட்டறையில பட்டினி போட்ட செடி ஒண்ணு. இன்னைக்குப் பூரா அதோட ஒரு இலை மேல இதக் கட்டி வெயில்ல வெச்சேன்.

— இலை மேலயா? மாதாவே! எதுக்குங்க?

— உங்க சலவைக்குக் கஞ்சி எதுலேருந்து வருது?

— உருளைக்கிழங்குலேருந்து.

— கிழங்குக்கு?

— மண்ணு குடுக்குது.

— அப்படித்தான் நானும் ஒரு காலத்துல நெனச்சேன். இல்லம்மா, அத இலைதான் காய்ச்சுது. வெயிலுதான் அடுப்பு.

— வெயில்ல எனக்குத் தெரிஞ்சு துணிதான் காயும்.

— சிரிக்காதடி. இவர் பேச்சக் கேக்க பாரிஸ்லேருந்து வர்றாங்க. இவருக்குத்தான் சாப்பிடக்கூட நெனப்பில்ல, நான் வெக்கிற சூப்பு ஆடை கட்டி அப்படியே திரும்பி வருது.

— வெயில் பட்ட எடத்துல கஞ்சி இருக்கும். நிழல் விழுந்த எடத்துல இருக்காது. கிலியான், சாராயத்துல போட்ட அந்த இலையோட பச்சை எறங்கிருச்சா?

— எறங்கிருச்சுங்கய்யா. இலை பழந்துணி மாதிரி வெளுத்துக் கெடக்கு.

— ஒண்ணுமே இல்லையே அதுல.

— கண்ணுக்குத்தான் இல்ல. கஞ்சியில அயோடின் பட்டா என்ன ஆகும்மா?

— தெரியாமலா? ஆஸ்பத்திரி உடுப்புல அந்த மருந்து சிந்துனா, கஞ்சி போட்ட எடமெல்லாம் கருநீலமாயிரும். தேச்சுத் தேச்சே என் கை போச்சு.

— அதே கறைதான். ஊத்துறேன், பாருங்க.

— ஓரம் கறுக்குது...

— மேல பாருடி. அது முடி. அவன் முடி.

— நெத்தி... நெத்தி வெளுப்பா வருது. காது! மடிஞ்சிருக்குமே, அந்தக் காது! பாக்குறியா, கிலியான்?

— பாக்குறேன்டி.

— ஐயா, ஊத்துன நீங்களே ஏன் இப்படிக் குனிஞ்சு குனிஞ்சு பாக்குறீங்க?

— வட்டமோ கட்டமோ வரும்னு தெரியும். முகம் வரும்னு நான் நம்பலம்மா. அப்பா அம்மா போனப்புறம் படம் வரைஞ்சு பொழச்சவன் நான். இப்படி ஒண்ண என்னால வரைய முடியாது.

— அப்ப யாரு வரைஞ்சா?

— யாருமில்ல. வெளிச்சத்த இலை தின்ன எடம் கறுப்பு. தின்னாத எடம் வெளுப்பு.

— வெயிலெல்லாம் தின்னுட்டு, என் பிள்ளைய மட்டும் மிச்சம் வெச்சிருக்கு.

— ஆனா ஒண்ணு சொல்லிடணும்மா. இது நிலைக்காது. நாளாக ஆக மங்கிரும்.

— மங்கிருமா?

— மங்கிரும். கண்ணாடியப் பத்திரமா எடுத்துட்டுப் போங்க. மறுபடி கேக்க மாட்டேன்.

— வா, அஃப்ரா. பெட்டியில வெச்சுப் பூட்டிருவோம்.

— நீ சும்மா இரு. ஐயா, இந்தாங்க கண்ணாடி, உங்ககிட்டயே இருக்கட்டும். நாளைக்கும் வெயில் அடிக்கும்ல?