பதினெட்டு வருஷத்துச் சடை

– மோர் குடிக்கலாம்னு கூட்டிட்டு வந்து மொட்டைக்கு டோக்கன் எடுத்து வச்சிருக்கே, இது எந்த ஊரு நியா—

– மோரும் குடிச்சீங்கல்ல, ரெண்டு கிளாஸ்! மொதல்ல உக்கா—

– என்னைக் கேக்காம என் முடிய முருகனுக்கு நேந்துவிட நீ யாரு, ஜெகா?

– பொண்டாட்டி. உக்காருங்க. பின்னால நூறு பேரு நிக்கிறாங்க.

– நூத்திப் பன்னெண்டு, லோகேஸ்வரன்! நீங்கதானண்ணே? மெதுவா லா. தைப்பூசத்துக்கு வந்த சனமெல்லாம் தேர விட்டுட்டு நம்மளப் பாக்குது. கத்தியக் கழுவி வச்சுப் பத்து நிமிஷமாச்சு. உக்காந்தா சிரைக்கிறேன், இல்லேன்னா அடுத்த ஆளக் கூப்புடுறேன்.

– தம்பி, இது சாதாரண முடி இல்ல. பதினெட்டு வருஷம் சீப்பே படாத சடை. ரயன் அண்ணே சொல்வாரு, ஒவ்வொரு சடையும் ஒரு வேருன்னு.

– யாருண்ணே ரயன்?

– அலாமாக்! பினாங்குல இருந்துக்கிட்டு ரயன் பெஞ்சமினத் தெரியாதா? ஜெலுத்தோங்ல பொறந்து, ஜமைக்கா ரெகே பாட்டத் தமிழ்ல பாடினவருப்பா! போன வருஷம் நம்மள விட்டுட்டுப் போயிட்டாரு.

– ஓ, அவரா! எங்க மாமா கல்யாணத்துல பாடினாரு. பந்தி முடியிற வரைக்கும் ஒரே பாட்டு.

– அதான்லா ரெகே!

– அவரு பாடினாரு, ஊரே கைதட்டிட்டு வீட்டுக்குப் போச்சு. இவரு மட்டும் வேலைய விட்டாரு தம்பி. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில சூப்பர்வைசர்.

– அது பாபிலோன், ஜெகா. மனுஷன அடிமையாக்குற சிஸ்டம். ரயன் அண்ணே மேடையிலயே சொல்வாரு.

– சொல்லிட்டு, மறுநாள் காலையில ஏழு மணிக்கு டை கட்டிக்கிட்டு கிளார்க் வேலைக்குப் போயிடுவாரு. பென்ஷன் வாங்குற வரைக்கும் ஒரு நாள் லீவு போட்டதில்லியாம். அவரு சம்சாரம் லீனா அக்காவே சொன்னாங்க.

– அவரு... உள்ளுக்குள்ள இருந்து போராடினாரு.

– நான் அந்தப் பாபிலோன் கேண்டீன்ல இன்னும் மீ கோரெங் கிண்டுறேன். அதுல வந்ததுதான் உங்க கித்தாரு.

– அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. இதுக்கு என் கத்தி பத்தாது. மொதல்ல காடு வெட்டுற பாராங் கத்தியால வெட்டணும்.

– தொடாதே!

– வர்ற வழியில மூணு பொம்பளைங்க இவரு கால்ல விழுந்தாங்க தம்பி, சாமியாருன்னு. ஒருத்தி வாழைப்பழம் கொடுத்தா. இவரு என்ன செஞ்சாருன்னு கேளுங்க.

– ஆசீர்வாதம் கேட்டா இல்லேன்னா சொல்றது? நல்லா இரும்மான்னேன்.

– பழத்தையும் தின்னாரு.

– பேச்ச மாத்தாதே. வேண்டுதல் உன்னுதுன்னா உன் தலையக் கொடு. என் தலை எதுக்கு?

– என் தலையில என்னங்க இருக்கு, எலி வாலு! சாமிகிட்டப் பெருசா கேட்டா, வீட்டுல இருக்கறதுலயே பெருசாக் கொடுக்கணும். நம்ம வீட்டுல பெருசா வளந்தது இந்த முடி ஒண்ணுதான்.

– அப்படி என்ன கேட்டுட்ட? மக ரமணி பரீட்சைக்கா? அவ படிச்சா, பாஸானா. என் முட்டி ஆப்பரேஷனுக்கா? அப்ப அந்த டாக்டர மொட்டை போட்டுக்கச் சொல்லு.

– அதெல்லாம் இல்ல.

– எதா இருந்தா என்ன? வேண்டுதலாவது, ஒண்ணாவது! தம்பி, நீயே கேளு. அஞ்சு வருஷத்துக்கு முன்னால ரயன் அண்ணனுக்கு மாரடைப்பு. நாலு நாள் கண்ணு தொறக்கல. டாக்டருங்களே கைய விரிச்சுட்டாங்க. அஞ்சாவது நாள் எழுந்து உக்காந்து கித்தார் கேட்டாரு! அப்புறம் நாலு வருஷம் அவரு பாட, நான் பக்கத்துல நின்னு கிலுகிலுப்பை ஆட்டினேன். என் வாழ்க்கையிலயே அதாம்ப்பா நல்ல காலம். எந்தச் சாமி வந்து காப்பாத்துச்சு? இசை காப்பாத்துச்சு!

– சரிண்ணே. அக்கா, யாருக்கு வேண்டிக்கிட்டீங்கன்னு சொல்லிடுங்களேன். அண்ணே மனசு எறங்குவாரு.

– சொன்னா தாங்கமாட்டாரு தம்பி. ஒரு வருஷமா மறைச்சு வச்சிருக்கேன், சாமி கடனையாவது இன்னைக்குத் தீத்துடலாம்னுதான் கூட்டிட்டு வந்தேன்.

– நான் தாங்காததா? சொல்லு ஜெகா. நியாயமா இருந்தா நானே தலையக் குனியறேன்.

– அந்த நாலாவது நாள் ஆஸ்பத்திரி வராந்தாவுல நீங்க சின்னப் புள்ள மாதிரி அழுதீங்களே, அதப் பொறுக்காமத்தான், ரயன் அண்ணனப் பொழைக்க வையி, இவரு முடிய உனக்குத் தர்றேன்னு முருகன்கிட்டச் சொன்னேன். லீனா அக்கா நேந்த மெழுகுவத்திய அந்த வாரமே மாதா கோயில்ல ஏத்திட்டாங்க. நான்தான், மேடையில நீங்க சடைய ஆட்டி ஆட்டிச் சிரிக்கறதப் பாத்துட்டு, அடுத்த தைப்பூசம் முருகா, அடுத்த தைப்பூசம்னு நாலு வருஷம் தள்ளிட்டேன். உங்க முடி தப்பிச்சிருச்சுங்க, ரயன் அண்ணன்தான் தப்பிக்கல.