வெறும் வயிறு

— வாயை ஊதுங்கோ பாப்பம். ஊதுங்கோ அம்மா. தேத்தண்ணி மணக்குது.

— ஒரு மிடறுதான் பிள்ளை.

— ஒரு மிடறோ? குசினியில சீனிப் போத்தில் திறந்தபடி கிடக்குது, எறும்பு வரிசை கட்டி வருது. ராத்திரி என்ன சொன்னனான்? காலமை ரத்தம் எடுக்க ஆள் வரும், வெறும் வயித்தோட இருக்கவேணும், பச்சைத்தண்ணியைத் தவிர ஒண்டும் வாயில வைக்கவேண்டாம் எண்டு சொன்னனானோ இல்லையோ?

— மறந்துபோனன்.

— நீங்கள் மறக்கேல்லை. முதல்தரம் அந்தப் பெடியன் வரேக்க கோயிலுக்குப் போட்டியள். மற்றத்தரம் மாட்டைத் தேடிப் போனியள். எங்களிட்ட மாடே இல்லை!

— பக்கத்து வீட்டு மாடு.

— விசர்க்கதை கதையாதேங்கோ அம்மா.

— தேனுகா அக்கா! நான்தான், லாப்பில இருந்து சிவகரன். உள்ளுக்க வரலாமோ? உங்கட நாய் இப்ப என்னைக் கண்டு குலைக்கிறதும் இல்லை. வீட்டாள் எண்டு நினைச்சிட்டுது.

— வாங்கோ தம்பி, இந்தக் கதிரையில இருங்கோ. அம்மா, எழும்பவேண்டாம். எழும்பினால் கேற்றைப் பூட்டிப்போடுவன்.

— தம்பிக்கு ஒரு தேத்தண்ணி போடுவம் எண்டு...

— தேத்தண்ணியைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம்! தம்பி, இவா குடிச்சிட்டா. மூண்டு கரண்டி சீனியோட.

— பிரச்சினை இல்லை அக்கா. வெறும் வயித்துச் சீனியும் கொழுப்பும்தான் இண்டைக்குப் பாக்கேலாது, அதுக்கு இன்னொருக்கா வாறன். மற்றதெல்லாம் எடுக்கலாம். மூண்டு மாசச் சீனி எண்டு ஒண்டு கிடக்கு. அதுக்குத் தேத்தண்ணி குடிச்சாலும் பிரச்சினை இல்லை, பலகாரம் திண்டாலும் பிரச்சினை இல்லை.

— மூண்டு மாசத்தையும் சொல்லிப்போடுமோ தம்பி?

— அப்பிடியே சொல்லும் அன்ரி. இண்டைக்கு ஒரு காலமை பட்டினி கிடந்து அதை ஏமாத்தேலாது.

— அப்ப உந்த ரத்தத்துக்கு வாயும் கிடக்கு.

— இவாவுக்குத் தையில இருந்துதான் தம்பி உந்தச் சீனிப் பேய் பிடிச்சது. முந்தி வெறுந்தேத்தண்ணிக்கு ஒரு துண்டு பனங்கட்டியைக் கடிக்கிற ஆள். அப்பா போன விதத்தைப் பக்கத்தில இருந்து பாத்த ஆள். அவருக்கும் பெருவிரல்லதான் தொடங்கினது. விரலை எடுத்து, பாதத்தை எடுத்து, முழங்காலை எடுத்து, பிறகு மிச்ச ஆளும் போட்டார். இப்ப இவான்ர விரலைப் பாருங்கோ. காட்டுங்கோ அம்மா! மாசியில கல்லில அடிபட்டது. சித்திரை வருசமும் பிறந்திட்டுது, இன்னும் ஈரம் காயேல்லை.

— மஞ்சள் போட்டனான்.

— மஞ்சள்! எனக்குத் தாயும் இல்லாமல் ஆக்கப்போறியளோ?

— பிரச்சினை இல்லை அக்கா, அதுக்குத்தானே நாங்கள் வீட்டுக்கே வாறம். வருத்தம் முத்துறதுக்கு முன்னம் பிடிச்சிடலாம். உடையார்கட்டில மட்டும் இண்டைக்கு ஏழு வீடு. முந்தி இந்த ரோட்டால விடியப்பறம் மீன்காரன்தான் வாறவன். இப்ப அவனுக்கு முன்னால நான் வாறன்.

— அவனெண்டாலும் எதையாவது தந்திட்டுப் போவான்.

— ஹா! அன்ரி பகிடிக்காரி.

— தம்பி, நீங்கள் சிரிக்கிறியள். எனக்குப் பத்தி எரியுது. சொந்தக் காசில இந்த ஏழு வீட்டில ஒரு வீடெண்டாலும் எடுக்குதோ? எல்லாம் வெளிநாட்டில இருக்கிற பிள்ளையள் போனில தட்டிவிடுற ரத்தச் சோதினைப் பக்கேச். முந்தி தீபாவளிக்குச் சீலை அனுப்பினவை. இப்ப அம்மான்ர கிட்னி வேலை செய்யுதோ எண்டு பாக்கினம்.

— உன்ர அக்கா பாசத்திலதானே செய்யிறாள் பிள்ளை.

— பாசம்! கனடாவில இருந்து ஒருக்கா வந்து இந்தக் காலைப் பாக்க அவாவுக்கு லீவில்லை. றிப்போட்டை வட்ஸப்பில போடட்டாம். சிவப்பில ஏதும் நம்பர் இருந்தால் மட்டும் கோல் எடுக்கட்டாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவம் எண்டால், அங்க விடிய நாலு மணிக்கு நம்பர் எடுத்துக் குந்தியிருந்து, பிறகு சோதிக்கிற மருந்து முடிஞ்சுது, வெளியில செய்துகொண்டு வாங்கோ எண்டினம். அதாலதான் நானும் வாயைப் பொத்திக்கொண்டு உங்களைக் கூப்பிட்டனான்.

— இதுவோ வாயைப் பொத்தினது தம்பி? கம்பசுக்குப் போட்டு வந்ததில இருந்து உப்பிடித்தான். ஆரும் ஒரு ஆள் அம்பிட்டால் கூட்டம் வைப்பாள்.

— வைப்பன். இந்த வீட்டில முதல் டிகிரி எடுத்தவள் நான். அதைக் காட்டி ஒரு வேலை எடுக்கேலாமல் கிடக்கு. ஒரு மனிசிக்குச் சீனியை நிப்பாட்டவும் ஏலாமல் கிடக்கு. கத்தவாவது விடுங்கோ. விமலேஸ்வரி அன்ரியைப் பாருங்கோ. கொலஸ்ரோல் குறைஞ்சிட்டுது எண்டு ஓ.எல். றிசல்ஸ் மாதிரி ஊர் முழுக்கச் சொல்லித் திரியிறா. மகன் சுவிஸில இருந்து நல்ல சப்பாத்தும் வாங்கி அனுப்பிப்போட்டான், நடக்க.

— விமலாவுக்கு நடக்கிறதுக்கு இடம் கிடக்கு. நான் உந்தச் சோதினை பாஸ் பண்ணி என்ன செய்யப்போறன்?

— உயிரோட இருக்கப்போறியள்!

— அதைத்தான் கேக்கிறன்.

— கேட்டியளோ தம்பி? சண்டையில செல்லடிக்கேக்க, பங்கருக்க எங்களை அமத்திப் பிடிச்சுக்கொண்டு கிடந்து காப்பாத்தின மனிசி. இப்ப சீனியைக் கரைச்சுக் குடிச்சுக் குடிச்சுச் சாகப்போறாவாம்.

— அக்கா, கோவிக்காதேங்கோ. இந்தப் பக்கத்து அம்மாமாருக்கு ஒரு பயம் கிடக்கு, அதுவாத்தான் இருக்கும். முந்தநாள் ஒரு வீட்டில, எடுத்து முடிஞ்ச பிறகு, குழாயைத் திருப்பித் தா எண்டு என்ர சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு ஒரு அம்மா அழுதவா. புதைகுழியில கிண்டி எடுத்த எலும்புகள் கிடக்கெல்லே, இந்த ரத்தத்தைக் கொண்டுபோய் அதுகளோட பொருத்திப் பாத்துப்போடுவம் எண்டு நினைச்சிட்டா. அன்ரி, சத்தியமாச் சொல்லுறன், எங்கட குழாய் அங்க ஒண்டும் போகாது. இது சீனிக்கும் கொழுப்புக்கும் மட்டும்.

— ஓ! இப்பவெல்லோ விளங்குது. அதுதானே அம்மா? கோயிலும் மாடும் தேத்தண்ணியும் எல்லாம் அதுக்குத்தானே?

— நான் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே.

— சொல்லத் தேவையில்லை. போன வருசம் எலும்புக்கு ரத்தம் கேட்டு அறிவிச்சவை. தாய் தேப்பன்ர எண்டால்தான் நல்லமாம் எண்டவை. காணாமல் போன பிள்ளையளின்ர தாய்மார் எல்லாரும் போய்க் குடுத்தவை. நீங்கள் மட்டும் தலையிடி எண்டு போத்துக்கொண்டு படுத்தனீங்கள். குடுத்திருந்தால் என்ன? பொருந்தாது எண்டு ஒரு கடுதாசி தந்திருப்பினம். அதைக் கொண்டுபோய் அவங்கட மேசையில அடிச்சு, இது எங்கட நிருஷன் அண்ணா இல்லை, அப்ப ஆள் எங்க எண்டு கேட்டிருப்பன்!

— பொருந்தாது எண்டு உனக்கு ஆர் பிள்ளை சொன்னது?

— நான் சொல்லுறன். சண்டை முடிய ஆமி அண்ணாவை பஸ்ஸில ஏத்தேக்க நான் பக்கத்தில நிண்டனான். எனக்குப் பதினொரு வயசு, பால்குடி இல்லை. விசாரிச்சுப்போட்டு விடுவம் எண்டு சொல்லித்தான் ஏத்தினவங்கள். அவன் யன்னலால கையை நீட்டி, அம்மாவோட நில்லு, பின்னால வாறன் எண்டவன். உயிரோட ஏறின ஆள் எப்பிடி எலும்பாவான்?

— ம்.

— என்ன ம்? தையோட நீங்கள் ரோட்டோரத்துப் போராட்டக் கொட்டிலுக்குப் போறதையும் விட்டிட்டியள். மற்றத் தாய்மார் அந்த வெக்கைக்குள்ள குந்திக்கொண்டு, இராசமலர் ஏன் வாறேல்லை, இராசமலர் எங்க எண்டு கேக்கினம். கால் நோ எண்டு பொய் சொல்லுறன். கால் நொந்தது மாசியில. நீங்கள் விட்டது தையில! தோய்ச்சுத் தோய்ச்சு அலுமாரிக்க வச்சிருந்த அவன்ர சேட்டுகளையும் எடுத்துப் பழனியாண்டி மாமாவுக்குக் குடுத்திட்டியள். வயலுக்குப் போட்டுக்கொண்டு போறார் மனிசன். அண்ணா நாளைக்கு வந்து கேட்டால் என்ன சொல்லுவியள்?

— நல்ல சேட்டுகள். வீணாப் போகுது எண்டு குடுத்தனான்.

— அலுத்துப்போச்சு உங்களுக்கு. ஒவ்வொரு கிழமையும் அவன்ர படத்தைக் கழுத்தில கொழுவிக்கொண்டு நான்தான் போறன். தாய்க்கு அலுத்துப்போச்சு, தங்கச்சிக்கு அலுக்கேல்லை.

— அலுக்கேல்லை பிள்ளை.

— அப்ப பயம். பெத்த வயிறாம்! ஒரு ஊசிக்குப் பயந்து பெத்த பிள்ளையைக் கைவிட்ட வயிறு.

— அக்கா, போதும் விடுங்கோ. அன்ரி பாவம். நான் வேறொரு நாள் வரட்டோ?

— இல்லைத் தம்பி, நீங்கள் இருங்கோ. கனக்க வீட்டுக்குப் போகவேணும் எண்டனீங்கள். இந்தாங்கோ, வலக்கையில எடுங்கோ. இடக்கையில நரம்பு பிடிபடாது, ரெண்டு மூண்டு தரம் குத்தவேணும்.

— பொறுங்கோ, பாப்பம்... ஓம் அன்ரி, இடக்கையில ஆழமாத்தான் கிடக்கு. சரியாச் சொல்லுறியள். முந்தி எங்கையோ குடுத்திருக்கிறியள் போல.

— ஒருக்கா.

— பொய் தம்பி. இவா ஊசிக்குக் கை நீட்டினதை நான் காணேல்லை. ஆர் எடுத்தது? எப்ப?

— ஐப்பசியில. நெளுக்குளத்துக்கு மச்சாளைப் பாக்கப் போறன் எண்டு போனனெல்லே.

— கையில பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தனீங்கள். கிளுவைமுள்ளுக் கீறிப்போட்டுது எண்டனீங்கள்.

— நீ கடுதாசியை மேசையில அடிக்கவேணும் எண்டு நிண்டனி. உன்னைப் பக்கத்தில வச்சுக்கொண்டு குடுக்க எனக்கு ஏலாமல் கிடந்தது.

— அப்ப குடுத்திட்டியள்! எலும்புக்குக் குடுத்திட்டு, நான் இவ்வளவு நாளும் நாய் மாதிரிக் குலைக்கக் குலைக்கப் பேசாமல் இருந்தனீங்கள்? சரி விடுங்கோ. கடுதாசி எங்க? பொருந்தேல்லை எண்டு ஒரு கடுதாசி தந்திருப்பினமே. அதைத் தாங்கோ எனக்கு.

— இன்னும் அனுப்பேல்லை. தையில கூப்பிட்டு வாயாலதான் சொன்னவை.

— தையிலயோ?

— அன்ரி, கையை இறுக்கிப் பொத்திப் பிடியுங்கோ. ஒரு சின்ன நோதான்.

— தையில என்ன சொன்னவை? அம்மா, என்னைப் பாருங்கோ. தையில என்ன சொன்னவை?

— பொருந்திட்டுது பிள்ளை. இனி நீ அந்தப் படத்தைத் தூக்கவேண்டாம்.