பழைய கருவிகளை அனுமதிக்கவும்

ரவுட்டரை அலமாரிக்குள் வைக்கக் கூடாது. வீட்டுக்கு வீடு செய்கிற தவறு அது. உயரமாக, திறந்த இடத்தில், வீட்டின் நடுவில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இது எனக்குத் தெரியாமல் இல்லை. என் மாமனார் நல்ல உடம்போடு இருந்த காலத்தில் கூடத்துக்கு வந்து பார்த்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை இது, கண்ணுக்கு நேரா கண்ட கண்ட லைட்டு மினுக்குது. உள்ள வைங்க" என்றார். இரும்பு அலமாரிக்குள் வைத்தேன். பெரியவர் சொன்னால் செய்வதுதானே முறை. அதிலிருந்து அது அங்கேயே இருந்தது.

நீங்கள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள். அதனால் இதிலிருந்து தொடங்குகிறேன்.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. அதில் எனக்கு வெட்கம் இல்லை. நான் வேலை பார்த்த கடையை மூடிய பிறகு, வேறு வேலை கிடைக்கும் வரை என்று மனைவி வீட்டுக்கு வந்தோம். ஆறு வருடம் ஆகிறது. வந்தவர்களிடம் மாமனார் என்னை அறிமுகப்படுத்துவார். "இவர் நம்ம மாப்பிள்ளை. வீட்ல நெட்டு, கரெண்டு, குழாய் எல்லாம் இவர்தான் பாத்துக்கிறார்." வந்தவர் மரியாதைக்கு, "வேலை எங்கே?" என்பார். "அதான் சொன்னேனே" என்பார் மாமனார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர் கைதட்டித்தான் என்னைக் கூப்பிடுவார். ஆனால் பேசும்போது வாங்க, போங்க என்றுதான் பேசுவார். அதைக் குறைசொல்ல முடியாது.

நெட்வொர்க்கை நான் ஒருவனாகத்தான் அமைத்தேன். மனைவியின் ஆபீஸ் லேப்டாப், மாடியில் மச்சினனின் இரண்டு கம்ப்யூட்டர், சமையலறையில் மாமியாரின் டேப்லெட், என் பழைய கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர். எந்தக் கருவி யாருடையது என்று குழம்பாமல் இருக்க, பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தேன். மனைவி, மச்சினன் ஒன்று, மச்சினன் இரண்டு, அத்தை, நான், பிரின்டர். யாரும் கேட்கவில்லை. எனக்கு ஒழுங்காக இருந்தால் பிடிக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கையிலும் பலமில்லை, இரண்டு விரல் மட்டும் அசையும். ஆஸ்பத்திரியில் யாரோ கழித்துப் போட்ட ஒரு மணியைக் கொடுத்தார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அழுத்தினால் வீட்டு நெட்வொர்க் வழியாகப் போனில் சத்தம் வரும். "என் போன்ல வேண்டாம், மீட்டிங்ல இருப்பேன்" என்றாள் மனைவி. மச்சினன் சிரித்துக்கொண்டே, "அத்தான்தான் நம்ம வீட்டு கஸ்டமர் கேர்" என்றான். ஆக, என் போன்.

பட்டியலில் ஏழாவதாகச் சேர்த்தேன். அதற்கு மாமா என்று பெயர் வைத்தேன்.

ஒரு நாளைக்கு நாற்பது தடவை அடிப்பார். நான் எண்ணியதில்லை, ரவுட்டர் எண்ணி வைத்திருந்தது. ஃபேன் போட. ஃபேன் நிறுத்த. திரைச்சீலையை விலக்க, மூட. சில சமயம் ஓடிப் போய் நின்றால் என்னை ஒரு பார்வை பார்ப்பார், பிறகு வாசலைப் பார்ப்பார். போகலாம் என்று அர்த்தம். கைதட்டல் நின்றதே என்று நான் நினைத்தது தப்பு.

இதற்கிடையில் வேகம் குறைந்தது. மச்சினன் மாடியிலேயே மூன்று மாதமாக வெளிநாட்டு வேலைக்கு ஆன்லைனில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தான். நடுவில் படம் உறைந்துவிடும். "அத்தான், உங்க நெட்டு படுத்துடுச்சு" என்று கத்துவான். ஓடும்போது அது வீட்டு நெட், படுத்தால் அது என் நெட். மாமியாரின் தொடர் சுற்றிக்கொண்டே நிற்கும். மனைவி ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒரே ஒரு வேலை. அதையாவது சரியா செய்யலாம்ல" என்றாள்.

ரவுட்டரோடு வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அதில் ஒரு விஷயம் இருந்தது. நெட்வொர்க்கில் மிகப் பழைய கருவி ஒன்று இருந்தால், அது மெதுவாகப் பேசி முடிக்கும் வரை மற்றவை காத்திருக்க நேரலாம். அமைப்புப் பக்கத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. பழைய கருவிகளை அனுமதிக்கவும் என்று எழுதியிருக்கும். அதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

எங்கள் பட்டியலில் பழைய கருவி ஒன்றுதான்.

நானாக எதையும் செய்யவில்லை. ஒவ்வொருவரிடமும் கேட்டேன். மாடிக்குப் போய் மச்சினனிடம், "மாமா மணி ரொம்பப் பழசு. அதுதான் எல்லாத்தையும் இழுத்துப் பிடிக்குதுன்னு நினைக்கிறேன். எடுத்துடட்டுமா?" என்றேன். காதிலிருந்து ஹெட்போனை எடுக்காமலே, "கேட்டுக்கிட்டே நிக்காதீங்க அத்தான், செய்ங்க" என்றான். மாமியார், "என்னமோ பண்ணுங்க மாப்பிள்ளை, கல்யாண சீன்ல வந்து நிக்குது" என்றார். மனைவி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப அப்பா கூப்பிடணும்னா?"

"புது மணி வாங்கியாச்சு."

"அப்ப சரி."

அது பொய் இல்லை. வாங்கியிருந்தேன்.

மறுநாள் காலை இரண்டு வேலை செய்தேன். முதலில் ரவுட்டரை அலமாரியிலிருந்து எடுத்து மேலே வைத்தேன். பிறகு அந்த டிக்கை எடுத்தேன். பத்து நிமிடத்தில் மாடியிலிருந்து சத்தம் வந்தது. "அத்தான், பறக்குது." மாமியார் ஒரு பகுதியை நிற்காமல் பார்த்து முடித்தார். சாயங்காலம் மனைவி என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். ஆறு வருடத்தில் அந்த வீட்டில் என்னைப் பாராட்டியது அன்றுதான்.

மணியில் ஒரு விளக்கு உண்டு. நெட்வொர்க்கில் இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பாக மினுக்கும். மாமாவுக்கு மினுக்கும் விளக்கு பிடிக்காது. அதன்மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினேன்.

அவரை நான் கவனிக்காமல் விட்டதாக யாரும் சொல்ல முடியாது. அட்டவணை போட்டேன். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு என்று நேரம் தவறாமல் போவேன். துடைப்பேன், திருப்பிப் படுக்க வைப்பேன், மருந்து கொடுப்பேன். முதல் சில நாள் நான் உள்ளே போகும்போதெல்லாம் இரண்டு விரலும் மணிமேல் இருக்கும். என் கண்முன்னாலேயே அழுத்துவார். என் சட்டைப் பையைப் பார்ப்பார். போன் சத்தம் போடாது. பிறகு என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையணையைச் சரிசெய்வேன். "அப்பா இப்பெல்லாம் ரொம்ப அமைதியா இருக்கார்ல" என்றாள் மனைவி. "பழகிட்டார்" என்றேன்.

பத்தொன்பது நாள் அப்படிப் போயிற்று. புதன்கிழமை மச்சினனுக்குக் கடைசித் தேர்வு. பதினொன்று முதல் பன்னிரண்டு வரை. யாரும் சத்தம் போடக் கூடாது என்று சொல்லியிருந்தான். மனைவி மீட்டிங்கில். மாமியார் சமையலறையில், காதில் ஒயரோடு. ஏசி போட்டிருந்ததால் மாமா அறைக் கதவு சாத்தியிருந்தது. வேகத்தைக் கண்காணிப்பதற்காக நான் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன்.

அனுமதி இல்லாத கருவி உள்ளே வர முயன்றால் அந்தப் பக்கத்தில் ஒரு வரி விழும். பதினொன்று எட்டுக்கு முதல் வரி. மாமா, அனுமதி மறுக்கப்பட்டது. ஒன்பதுக்கு மூன்று வரி. பிறகு நிமிடத்துக்கு நான்கைந்து. வழக்கமாக அவர் அப்படி அழுத்த மாட்டார். சளி அடைத்தால் உடனே தூக்கி உட்கார வைக்க வேண்டும் என்று மாதம் ஒருமுறை வந்து பார்க்கும் நர்ஸ் சொல்லியிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. மச்சினனும் ஞாபகம் வந்தான். படிக்கட்டுக்கு அடியில்தான் அந்தக் கதவு. திறந்தால் கிறீச்சிடும். ஒரு பையனின் எதிர்காலம்.

பதினொன்று பதினாறுக்கு வரிகள் விலகி விலகி விழ ஆரம்பித்தன. பதினெட்டுக்கு ஒன்று. இருபத்தொன்றுக்கு இரண்டு, அடுத்தடுத்து. மொத்தம் முப்பத்துநான்கு. அதன் பிறகு பக்கம் சுத்தமாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கு, அட்டவணைப்படி, மருந்தோடு உள்ளே போனேன்.

மச்சினனுக்கு வேலை கிடைத்துவிட்டது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

அன்று மத்தியானம் பிளாஸ்திரியைப் பிரித்து, சிவப்பு மினுக்குவதைப் பார்த்தது நர்ஸ். அந்த அம்மாள் கெட்டிக்காரி, அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. புது மணி என் மேஜை இழுப்பறையில் பிரிக்காமல் இருந்ததை நீங்கள் எடுத்தீர்கள். இணைக்க நான்கு நிமிடம் ஆகும் என்று பெட்டியில் போட்டிருப்பதையும் படித்துக் காட்டினீர்கள். பத்தொன்பது நாளில் நான்கு நிமிடம் கிடைக்கவில்லையா என்று கேட்டீர்கள். கிடைத்தது. தினமும் கிடைத்தது. மேஜையில் எடுத்து வைப்பேன். பிறகு வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தோன்றும். திரும்ப உள்ளே வைத்துவிடுவேன்.

இன்னும் ஒன்று. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியது என் கடமை. அன்று சாயங்காலம், சொந்தக்காரர்கள் துக்கத்துக்கு வந்து கூடத்தில் உட்கார ஆரம்பித்ததும், அந்த டிக்கைத் திரும்பப் போட்டேன். அவருடைய மணியும் பச்சைக்கு வந்தது. வேகத்தைச் சோதித்தேன். ஒருமுறைக்கு மூன்றுமுறை. கொஞ்சம்கூடக் குறையவில்லை. ரவுட்டரை அலமாரியிலிருந்து எடுத்தது மட்டுமே போதுமாக இருந்திருக்கிறது.

இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அவர்களும் சம்மதம் கொடுத்தவர்கள்தானே, மனசு கஷ்டப்படும்.