வாசலில் பச்சைப் பெட்டி

ராஜபாளையம் பஸ். மடவார் வளாகத்தில் ஏறிய ஓர் அம்மாவுக்கு ஒரு கன்னம் நன்றாக வீங்கியிருந்தது.

"வாசல்ல பட்டாளத்துப் பச்சைப் பெட்டியப் பாத்தேன். பல் டாக்டரம்மா வீட்டுக்காரரு லீவுல வந்திருக்காரு. கதவத் தட்டாமத் திரும்பிட்டேன்."

"ஏட்டி, இம்புட்டு வீக்கத்தோடயா?" என்றார் பக்கத்து சீட்டுப் பாட்டி.

"அவரு எல்லைக்குக் காவலுக்குப் போகவும் டாக்டரம்மா இங்க மாமியார் ஊருக்கு வந்தாவ. வடக்க வாங்குன டாக்டர் லைசென்ஸ் இங்க செல்லாதாம். பட்டாளத்துக்காரரு பொஞ்சாதின்னு மெட்ராஸ் ஆபீசுல சீக்கிரமே பதிஞ்சு குடுத்தாவ. இல்லைன்னா நாம பல்லுக்கு மதுரைக்குல்லா ஓடணும்? ஆபீசுக்காரவுகளே விட்டுக்குடுத்தாவ, நாம விட்டுக்குடுக்கப்பிடாதா?"

"வலி எப்பிடி?"

"உசுரு போகுது."

முந்தானை முடிச்சை அவிழ்த்து, இன்னொரு கிராம்பைக் கடைவாயில் அடக்கிக்கொண்டார்.

"நமக்குக் கிராம்பு எந்தக் கடையிலயும் கிடைக்கும். அவரு வருசத்துக்கு ஒருக்கத்தான வாராரு."