நாற்பத்தொரு புள்ளிகள்

என் பெயர் ஏட்ரியன் புரோட்பென்ட்; கெல்டர்ஷா கால்பந்துக் கழகத்தின் செயலாளர். நாம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய வரலாற்றை ஒளிவுமறைவின்றி உரைப்பதும், என் சட்டைப்பையில் மூன்று வாரமாக இருக்கும் ஒரு கடிதத்துக்கு முடிவு சொல்வதும் என் நோக்கம்.

ஆட்டக்களத்தின் வெள்ளைக் கோட்டைத் தம் கையாலேயே இழுக்கும் அவைத் தலைவர் திருமதி ஹெலினா குரோஷா அவர்களே! தகரக் கூரையின் கீழ் நாற்பது குளிர்காலம் நின்றே நரைத்த பெரியோர்களே! சேறு சுமந்த சட்டைகளை வாரந்தோறும் வெளுத்துத் தரும் தாய்மார்களே! வென்ற நாளில் வாழ்த்தியும், தோற்ற நாளில் வைதும், எந்த நாளிலும் வராமல் இருக்காத தோழர்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நவம்பரில் நம் முன்னணி வீரர் ஜோனா பிக்கர்ஸ்கில் ஐந்தாவது மஞ்சள் அட்டை வாங்கினார். ஓர் ஆட்டத் தடை. அடுத்த ஆட்டத்தில் அவர் வெளியே அமர்ந்தார். அறுபத்து மூன்றாம் நிமிடத்தில் மூடுபனி இறங்கியது. கோல் கம்பங்களே கண்ணுக்குத் தெரியவில்லை. நடுவர் ஆட்டத்தைக் கைவிட்டார். தடை தீர்ந்தது என்று குறித்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை ஜோனா ஆடினார், இரண்டு கோல் போட்டார், வென்றோம்.

விதி என்ன சொல்கிறது? முடிவடைந்த ஆட்டம் மட்டுமே தடைக் கணக்கில் சேரும் என்கிறது! அதை அறியாதவனா நான்? விதிப்புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவன் நான்! (சிரியுங்கள் அம்மா, என் மனைவியும் சிரிக்கிறாள்.) அந்த நான், பனியில் தொலைந்த ஓர் ஆட்டத்தை முடிந்த ஆட்டமாக எண்ணி, தடை தீராதவரைக் களமிறக்கிவிட்டேன்.

மார்ச்சில் கோப்புகளைப் புரட்டும்போதுதான் பிழை கண்ணில் பட்டது. எதிரணி அறியாது, போட்டிகளை நடத்தும் சங்கமும் அறியாது. கோடு இழுத்துக்கொண்டிருந்த தலைவரிடம் போய்ச் சொன்னேன்.

“வேற யாருக்காவது தெரியுமா, ஏட்ரியன்?”

“யாருக்கும் தெரியாதுங்க.”

“உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சுபோச்சே. எழுதி அனுப்புங்க. அப்புறம், அந்தக் கோட்டை மிதிச்சுக்கிட்டு நிக்காதீங்க, இன்னும் காயல.”

எழுதினேன். அந்த வெற்றியின் மூன்று புள்ளிகளைச் சங்கம் கழித்தது. அன்று நம் தேநீர்க் கடையருகே, ஓர் ஆட்டம் தவறாத நம் ரசிகர் லெஸ்லி ஆக்ராய்ட் முழங்கியது நினைவிருக்கிறதா? “ஏம்ப்பா ஏட்ரியன், நமக்கு நாமே கோல் போட மைதானத்துல பதினோரு பேர் இருக்காங்களே, பத்தாதா? ஆபீஸ்லயும் ஒரு ஆள் வேணுமா?” அதில் நியாயம் இருந்தது. அன்றிரவே விலகல் கடிதம் எழுதினேன்.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. நம்மிடம் நாற்பது புள்ளிகள். நமக்கு மேலே இருந்த பிராத்வெல் நாற்பத்திரண்டோடு தன் ஆட்டங்களை முடித்திருந்தது. வென்றால் வாழ்வு, சமன் செய்தாலும் சரிவு. எதிரே நின்றது யார்? மேல்பிரிவுக்கு உயர்ந்துவிட்ட ரெய்த்பரி! கோப்பைக்கு நாடா கட்டி, இரண்டு பேருந்து நிறைய ஆட்களைக் கூட்டி வந்திருந்தார்கள்.

எண்பத்தெட்டாம் நிமிடம் வரை ஒரு கோல் பின்னால் நின்றோம். அப்போது ஜோனா தலையால் முட்டினார் பாருங்கள்! ஒன்றுக்கு ஒன்று! வலைக்குள் கிடந்த பந்தைத் தாமே அள்ளிக்கொண்டு நடுவட்டத்துக்கு ஓடினார். இன்னொரு கோல் வேண்டும், இன்னும் ஒரே ஒரு கோல்! வரவில்லை. விசில்தான் வந்தது.

நாற்பத்தொன்று. கழித்த மூன்றும் கையில் இருந்திருந்தால் நாற்பத்து நான்கு; தப்பியிருப்போம். அந்தக் கணக்கைப் போடாத ஒருவர் உண்டா அந்த மைதானத்தில்?

பருவத்தின் இறுதிப் பட்டியலை ஒலிபெருக்கியில் செயலாளர் வாசிப்பது நம் வழக்கம். வாசித்தேன். முதலிடம் ரெய்த்பரி, உயர்வு, அவர்கள் பாடினார்கள். இறங்கி இறங்கி நம் பெயருக்கு வந்தேன். “கெல்டர்ஷா, நாற்பத்தொரு புள்ளிகள். இறக்கம்.” குரல் உடைந்தது.

தகரக் கூரையின் கீழிருந்து லெஸ்லியின் குரல்: “திருப்பிப் படிய்யா! காதுல விழல!”

தண்டனை என்று நினைத்தேன். திரும்பவும் படித்தேன்.

“எத்தனைன்னு சொன்ன?”

“நாற்பத்தொன்று.”

“நாப்பத்தொண்ணும் நம்மதுய்யா! ஒண்ணுகூட அடுத்தவன் புள்ளி இல்ல!”

கைதட்டினார் அவர், தனியாக. பிறகு அந்த வரிசை, பிறகு அந்தக் கூரை, பிறகு நானூற்றுப் பதினேழு பேர்! பாட்டை நிறுத்திவிட்டு, கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு, ரெய்த்பரிக்காரர்களும் தட்டினார்கள். பதினொரு நிமிடம்! கடிகாரம் பார்த்தேன், பழக்கம் விடவில்லை. எத்தனையோ வெற்றிகளைக் குறித்த இந்தக் கை, அன்று வேறு எதையும் குறிக்கவில்லை. கீழே விழும்போது இத்தனை உயரத்தில் நின்ற ஊரை நான் கண்டதில்லை, கண்டதே இல்லை!

(என்ன சொல்கிறீர்கள், தேநீர்க் கடை மேவிஸ்? “அந்தக் கடுதாசியக் குடுத்தீங்கன்னா, நம்ம கடையில உங்களுக்கு டீ கெடையாது” என்கிறார். எச்சரிக்கையைக் குறித்துக்கொண்டேன்.)

தட்டிய கைகளுக்கு நன்றி. தகுதிக்கு மீறிப் பொறுத்த நெஞ்சங்களுக்கு வணக்கம். கீழ்ப்பிரிவில் சேரும் படிவம் தலைவரின் மேசையில் இருக்கிறது. இப்போது இந்த மேடையை விட்டு இறங்குவேன். என் கடிதத்தைக் கிழிப்பேன். படிவத்தில் செயலாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதுவேன். அதன் பிறகு, யார் யாருக்கு எத்தனை ஆட்டத் தடை மிச்சம் இருக்கிறது என்று இரண்டு முறை சரிபார்ப்பேன்.