மில்லி அக்காவின் சாட்சிக் கோடு

அளவில் அணுவும் பிசகாத அறிவே! அன்பில் மட்டும் அளவே பாராத அக்காவே! திரையில் தெரிவதில் மயங்காமல் தகட்டில் விழுவதை முன்னறிந்த தலைவியே! பெயர்ப்பலகை வெட்டும் இந்நிறுவனத்தின் வரைபடப் பிரிவைக் கட்டி ஆண்டு, கலகலக்க வைத்து, இன்று பணி நிறைவு காணும் எங்கள் மில்லி அக்காவே! வணக்கத்தோடு, வழியனுப்ப மனம் வராத எங்கள் வருத்தத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ளுங்கள்!

எவர் கணினியில் எந்தப் படத்தைத் திறந்தாலும், "மில்லியா, இஞ்சா?" என்று முதுகுக்குப் பின்னால் எழும் குரலே தங்களுக்கு இப்பெயரைச் சூட்டியது. பல் மருத்துவரின் கதவுக்கு முந்நூறு மில்லிமீட்டரில் கேட்ட பலகை, கோப்பு அங்குலத்தில் திறந்துகொண்டதால் இருபத்தைந்து அடியாக வீங்கிய நாளை மறக்க முடியுமா? வெட்டுக்கூடத்து அண்ணன் தகடுகளை வரிசையாக அடுக்கத் தொடங்கியபோது ஓடோடி வந்து, "இவரு பல்லு டாக்டரா, யானைக்குப் பல்லு பிடுங்குற டாக்டரா?" என்று கேட்டீர்களே! தப்பிய தகடுகளில்தான் பிறகு ஒரு பள்ளிக்கூடம் முழுமைக்கும் அறை எண்கள் வெட்டினோம்.

அன்று பிறந்ததே தாங்கள் வகுத்த சாட்சிக் கோடு. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் நூறு மில்லிமீட்டரில் ஒரு கோடு. வெட்டுமுன் தாளில் அச்சடித்து, எஃகு அளவுகோலை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். "கோடு சரியா இருந்தா படம் பொய் சொல்லாது" என்பீர்கள். கோடில்லாத படம் தங்கள் மேசையைத் தாண்டியதில்லை. விடுப்பு கேட்டு வந்தவரிடம் மட்டும் தாங்கள் அளவுகோலை எடுத்ததே இல்லை.

அத்தகைய தங்களுக்குத் தெரியாமல் பரிசு செய்யப் புகுந்தோம், அக்கா! தேநீர் குடிக்கும் சாக்கில் தங்கள் வீட்டுக் கதவை அளந்து வந்து, கதவையும் பித்தளைப் பெயர்ப்பலகையையும் ஒரே தாளில், பத்துக்கு ஒன்று என்ற அளவில் வரைந்து அழகு பார்த்தோம். அதே அளவில் வெட்டவும் அனுப்பிவிட்டோம். அவசரத்தில் சாட்சிக் கோட்டையும் விட்டுவிட்டோம். வாசலுக்குச் செய்த பலகை தீப்பெட்டிக்குள் அடங்கியது! "அக்கா இன்னும் வீட்டுக்கே போகல, அதுக்குள்ள நம்ம கதை கந்தல்" என்று அண்ணன் தலையில் கைவைத்தார். தாங்கள் இல்லாமல் நாங்கள் தேறுவோமா என்ற பயம் எல்லோரையும் பிடித்துக்கொண்டது. பிறகு கோடு போட்டு, அச்சடித்து, அளந்து, மறுபடி வெட்டினோம். பெரியது வாசலுக்கு, சிறியது சாவிக்கொத்துக்கு, இரண்டும் தங்களுக்கே!

நோயின்றி, கவலையின்றி, எந்த அலகிலும் அடங்காத ஆயுளோடு தாங்கள் வாழ்க! பேரப்பிள்ளைகளின் குறும்புகளை மட்டும் அளக்காமல் விட்டுவிடுக!

ஒரே ஒரு வேலை பாக்கியிருக்கிறது. இம்மடலின் அடியில் ஒரு கோடு உள்ளது. கைப்பையிலுள்ள எஃகு அளவுகோலை எடுத்து, இச்சபையின் முன் அளந்து பாருங்கள். சரியாக இருந்தால் நிம்மதியாக வீட்டுக்குச் செல்லுங்கள். தவறாக இருந்தால் திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுங்கள். நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அளந்துவிட்டோம், கோடு சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அரை மில்லியாவது குறைந்திருக்கக் கூடாதா என்பதே எங்கள் எல்லோருடைய ஆசையும், அக்கா!

என்றும் தங்கள் அளவுகோலுக்கு அஞ்சும்,
வரைபடப் பிரிவினரும் வெட்டுக்கூடத்தாரும்