கடைசிப் பாட்டில் ஒரு கால் சத்தம்

வார்னிஷ் பூசுகிற வேலையில் அவசரம் ஆகாது, ஐயா. ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்ததற்குத் தூரிகையைத் தொட வேண்டும். குளிர்காலத்து டெட்ராய்ட்டில் அது தானாகக் காயாது. மண்ணெண்ணெய் அடுப்பை ஏற்றி உள்ளே வைக்க வேண்டும். எதிரொலி அறைக்கு நான் ஆறு பூச்சு பூசியிருக்கிறேன். சுவரில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

சோதனை போட வந்தபோது அந்த அறையை நீங்கள் பார்த்தீர்கள். ஸ்டுடியோவுக்கு அடியில், ஜன்னல் கிடையாது, கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். ஒரு மூலையில் ஒலிபெருக்கி, எதிர் மூலையில் மைக். மேலே பாடுகிறவளின் குரல் ஒலிபெருக்கியில் வந்து சுவர்களில் மோதும். மைக் அதைப் பிடித்து மேலே அனுப்பும். இசைத்தட்டில் கேட்டால் பெரிய தேவாலயத்தில் நின்று பாடுகிற மாதிரி இருக்கும். வெளிச் சத்தம் புகாமல் கதவு விளிம்பெல்லாம் கம்பளித் துணி அடைத்ததும் நான்தான். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும். உள்ளே யார் இருக்கப் போகிறார்கள்?

பத்தொன்பது வருஷம் இரும்பு வார்க்கிற ஆலையில் சுமை தூக்கினவனுக்கு இது சொகுசான வேலை. கூட்டுவேன், துடைப்பேன். பாட்டுக்குக் கொஞ்சம் கனம் வேண்டுமென்றால், டேப் மெஷினைப் பார்த்துக்கொள்கிற லோனி, "பிரதர், காலைக் கொண்டு வாங்க" என்பான். மாடிப்படிக்குக் கீழே கிடக்கிற பலகையில் நின்று பூட்ஸ் காலால் தாளம் தட்டுவேன்.

ஓசெல்லா பிரிம் பதினோரு வருஷம் மற்றவர்களுக்குப் பின்னால் நின்று 'ஊ' பாடினவள். முப்பத்துநாலு வயசில்தான் அவள் பேரில் ஒரு தட்டுப் போட ஸ்டுடியோ முதலாளி ஒத்துக்கொண்டார். பத்துப் பாட்டு. பகலெல்லாம் சலவைக் கடையில் இஸ்திரி போட்டுவிட்டு வந்து ஒன்பதைப் பாடி முடித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேவாலயத்தில் வயசானவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறவளும் அவள்தான். நாற்பத்திரண்டு வயசில் நான் எழுத்துக் கூட்டியது அவளிடம்.

"பிரதர் ஹோசியா, அந்த எழுத்து உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு? இப்படிப் போட்டு நசுக்குறீங்களே" என்பாள்.

படிக்கத் தெரிந்ததால்தான் அவளுடைய டேப் இருந்த பெட்டி மேல் எழுதியிருந்தது எனக்குப் புரிந்தது. 'வெள்ளிக்கிழமை குரலை அழிக்கவும். வாத்தியம் இருக்கட்டும். புதுக் குரல், கார்லீன்.' எழுதினவர் ரஸ்கின் பிவன்ஸ். தட்டைத் தயாரித்தவர். கார்லீனுக்குப் பத்தொன்பது வயசு, அட்டைப் படத்துக்கு நன்றாக இருப்பாள்.

அவரிடமே போய்க் கேட்டேன். "ஓசெல்லாவுக்கு இது தெரியுமா சார்?"

"நீ எப்பய்யா படிக்கக் கத்துக்கிட்ட?" என்று சிரித்தார். "அவ குரல் ரொம்பக் கனம், ஹோசியா. கார் ஓட்டிக்கிட்டே ரேடியோ கேக்குறவனுக்கு அவ்வளவு கனம் தாங்காது. புதன்கிழமை அந்தக் கடைசிப் பாட்டையும் பாடட்டும், வாத்தியக்காரங்க வாசிக்கிறதுக்கு வழிகாட்ட ஒரு குரல் வேணும்ல. அப்புறம் பக்குவமா நானே சொல்லிக்கிறேன்."

நல்ல மனுஷர். கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு வான்கோழி கொடுத்தவர். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

புதன்கிழமை மதியம். காலையில் பூசின ஆறாவது பூச்சு காய்ந்துகொண்டிருந்தது, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மைக்கை ஒரு சாண் நகர்த்த வேண்டுமென்று பிவன்ஸ் தானே உள்ளே போனார். மைக் விஷயத்தில் அவர் யாரையும் நம்ப மாட்டார். நான் கதவைச் சாத்தினேன். சாத்தின கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது என் பழக்கம்.

மேலே வந்தேன். "பிவன்ஸ் எங்க?" என்றான் லோனி.

"இன்னைக்குப் புதன்கிழமை" என்றேன்.

புதன்கிழமை மதியம் அவர் முடிவெட்டுகிற கடையில் சீட்டாடப் போவார், எல்லாருக்கும் தெரியும். நான் சொன்னதிலும் பொய் இல்லை. அன்றைக்குப் புதன்கிழமைதான்.

நான் படிக்கட்டுக்குப் போய்ப் பலகை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். முதல் தடவை பாடும்போது தட்டுகிற சத்தம் தாறுமாறாக வந்தது. "பிரதர், யாரு துரத்துறா உங்கள? மெதுவா" என்று லோனி கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாவது தடவை அமைந்துவிட்டது. ஒவ்வொரு தட்டும் தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் விழுந்தது. ஓசெல்லா அதற்காகக் காத்திருந்து, அதன் மேல் சாய்ந்து பாடினாள். நடுவில் ஒரு ஆண் குரலும் எழுந்தது. எங்கள் தேவாலயத்தில் ஒரு சகோதரி பாடினால் பின் பெஞ்சிலிருந்து யாராவது ஓர் ஆண் முனகிப் பதில் கொடுப்பார். அது யாரென்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கேயும் பார்க்கவில்லை. ஓசெல்லா கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலுக்குப் பதில் பாடினாள். அப்படி அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

மைக் இருந்ததே, அதில் கத்தியிருப்பாரே என்று கேட்டீர்கள். கத்தினார். ஆனால் அந்த அறையில் எந்தச் சொல்லும் சொல்லாக நிற்காது, ஐயா. ஆறு பூச்சு வார்னிஷ் அதைப் பாட்டாக்கிவிடும். பாட்டு ஓடாத நேரத்தில் லோனி அந்த மைக்கின் சத்தக் குமிழைத் திருகி மூடிவிடுவான்.

இடையில் காபி குடித்தோம். மூன்றாவது தடவை தட்டுகிற சத்தம் வரவில்லை.

ஓசெல்லா படிக்கட்டு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன பிரதர், கால் களைச்சுப் போச்சா?"

"ஆமாம்மா" என்றேன்.

"பரவாயில்ல, ரெண்டாவதையே வெச்சுக்குவோம். உங்க காலுக்கு ஒரு முத்தம் குடுக்கணும்."

தாழ்ப்பாள் போட்டதும் நான், மூன்று தடவை பாடி முடிகிறவரை பத்துப் படி இறங்கித் திறக்காமல் இருந்ததும் நான். இதில் யாரும் எனக்குத் துணை இல்லை. அவள் குரல் கனம் என்று சொன்ன மனுஷருக்கு அன்றைக்குக் கேட்க வேறு ஒன்றும் இல்லை. கடைசியில் ஒத்துக்கொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு தாழ்ப்பாளை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிட்டேன். அடுப்புப் புகை, விபத்து என்று எழுதினார்கள். வெள்ளிக்கிழமை குரலை அழிக்க ஆள் இல்லை, அன்றைக்குத்தான் அவர் அடக்கம். பெரிய கூட்டம். ஓசெல்லாதான் பாடினாள்.

மே மாதம் தட்டு வந்தது. அவள் பேர், அவள் முகம், அவள் குரல். டெட்ராய்ட்டில் அந்தக் கடைசிப் பாட்டு ஓடாத கார் இல்லை. அட்டையின் பின்னால் 'கால் தாளம், ஹோசியா டன்ஸ்டால்' என்று போட்டிருந்தது. ஓசெல்லா பிடிவாதம் பிடித்துப் போட வைத்தாளாம். என் பேரை அச்சில் நான் படித்தது அதுதான் முதல் தடவை. ஆனால் அது என் கால் இல்லை. அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பிவன்ஸின் மனைவி அந்தத் தட்டை வாங்கிப் போட்டு, நடுவில் வருகிற குரலை அடையாளம் கண்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாராம். இருபது வருஷம் கூட வாழ்ந்தவர், தெரியாமல் இருக்குமா? நீங்கள் லோனியை வைத்து எதிரொலி மைக் பதிந்ததை மட்டும் தனியாக ஓட்டிக் கேட்டீர்கள். அந்த நேரம் ஓசெல்லாவை அங்கே உட்கார வைத்திருக்க வேண்டாம், ஐயா. அந்த ஒன்றுதான் எனக்கு உங்கள் மேல் வருத்தம்.

அன்றிலிருந்து அவள் பாடுவதில்லை, தேவாலயத்தில்கூட வாயைத் திறப்பதில்லை என்று சொன்னீர்கள். தொண்டை கட்டியிருக்கும். நவம்பர் வந்தால் இந்த ஊரில் யாருக்கும் அப்படித்தான். வெந்நீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து, கொஞ்சம் தேன் விட்டுக் குடிக்கச் சொல்லுங்கள்.